இரண்டுக்கு மூன்று

22-3-2025, சனிக்கிழமை, காலை 10.20

அன்பு மகனுக்கு,

நீ நலமாக இருப்பதாக நானே ஊகித்துக்கொண்டேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இங்கே நான் நலம், உன் அம்மா படுத்தபடியே நலம். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு பன்னிரண்டு வாரம் அவள் காலை ஊன்றக் கூடாது என்றும், உன் அக்கா மருந்துக்கடையில் விடுப்புப் போட்டு மார்ச் 3 முதல் உடனிருக்கிறாள் என்றும், ஏப்ரல் 14-க்கு மேல் அவளுக்கு ஒருநாள்கூடக் கிடைக்காது என்றும் எழுதியிருந்தேன். 19-ஆம் தேதி வந்த உன் பதில் ஒரே வரி: "மூணு பங்கு வாங்கினவ மூணு பங்கு பாக்கட்டும், என் ரெண்டு பங்குக்கு நான் வரேன்." எண்பத்து நான்கு நாளில் உன் பங்கு முப்பத்து மூன்று நாள், பதினான்கு மணி, இருபத்து நான்கு நிமிடம். அவள் விடுப்புக்கும் உன் பங்குக்கும் நடுவில் விடுபடும் ஏழு நாளும் சொச்சமும் உன் அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பது யார், எழுபத்தெட்டு வயதில் நானா?

நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 11-7-1988, திங்கட்கிழமை, ஐந்தாம் வகுப்பில் விகிதம் ஆரம்பித்தேன். சாக்பீஸை வைத்துச் சொன்னேன், பெஞ்சை வைத்துச் சொன்னேன், ஒரு பிள்ளைக்கும் ஏறவில்லை. என் மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஆறு, இவனுக்கு இரண்டென்றால் அவளுக்கு மூன்று என்றேன், வகுப்பே தலையாட்டியது. அந்த மகிழ்ச்சியில் ஐந்து ஆரஞ்சு வாங்கிவந்து அப்படியே பிரித்தேன். அன்று முதல் இந்த வீட்டில் எல்லாமே இரண்டுக்கு மூன்றுதான். 1994 ஜூலை 18 அன்று, நீயே என் வகுப்பில் அமர்ந்து அதே பாடத்தைக் கேட்டுவிட்டு, மாலையில், "இப்ப எனக்குப் பத்து, அக்காவுக்குப் பன்னெண்டு. அஞ்சுக்கு ஆறுதானேப்பா, மாத்துங்க" என்றாய். வாயை மூடு என்றேன். வயது கூடக் கூட விகிதம் மாறும் என்று முப்பத்தோராண்டு பாடம் நடத்தியவன், வீட்டில் மட்டும் அதை மாற்றவில்லை. தவறு என்னுடையது. அதை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து, படுத்துக்கிடப்பவள் மேல் தீர்த்துக்கொள்வது உன்னுடையது.

ஆகவே திருத்திப் போட்டேன். இன்று உனக்கு வயது நாற்பத்தொன்று, அக்காவுக்கு நாற்பத்து மூன்று. கூட்டினால் எண்பத்து நான்கு, அதுவே நாள் கணக்கும். மார்ச் 3 முதல் ஏப்ரல் 14 வரை அவளுக்கு நாற்பத்து மூன்று, ஏப்ரல் 15 முதல் மே 25 வரை உனக்கு நாற்பத்தொன்று. ஒரு நாள் மிச்சமில்லை. பெருமையாக உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அன்னைக்கு அஞ்சு பழத்தையும் பங்கு போட்டீங்க, எனக்குன்னு ஒண்ணு வைக்கல. இன்னைக்கு என்னையே பங்கு போடறீங்க" என்றாள். உன் அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

மையால் எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கில்லை. மேலே உள்ள கணக்கு அப்படியே இருக்கட்டும். அதைப் பார்த்து நீ வர வேண்டாம். உன் அம்மாவைப் பார்க்க வருவதானால் வா.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க. ஏப்ரல் 14 திங்கட்கிழமை என்பது நினைவிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா