டாக்டர் கையில் காப்பு

1969 பிப்ரவரி 10, திங்கள்

கையுறை கேட்டு எழுதிப் போட்டேன். விளக்கு வந்து இறங்கியிருக்கிறது.

காலையில் பிரசவ அறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் லாரி வந்து நின்றது. நாலு பேர் சேர்ந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார்கள். ரப்பர் கையுறை, பஞ்சு, தையல் நூல் என்று போன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேனே, மனசு இரங்கி மொத்தமாக அனுப்பிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பிரித்தால் ஆபரேஷன் விளக்கு! கல்யாண வீட்டு அண்டா மூடி அகலத்துக்கு, பளபளவென்று, சீமைச் சாமான். இந்த ஊருக்குக் கரண்டு கிடையாது. கரண்டுக் கம்பம் பரளச்சி ரோட்டோடு நின்றுவிட்டது. ஆபரேஷன் மேஜையும் கிடையாது. மேஜை இருந்தாலும் டாக்டர் கிடையாது.

லாரிக்காரர் கையெழுத்துக் கேட்டார்.

“டாக்டர் இல்லீங்களா?”

“மதுரையில இருக்காரு.”

“லீவா?”

“டூட்டி,” என்றேன். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

ஆயா சந்தனம்மாள் விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “ஏம்மா, இதுக்குச் சீமெண்ணெய எங்கிட்டு ஊத்துறது?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? அனுப்பியவர்களுக்கு இந்த அளவு யோசனைகூட வரவில்லையே.

பிப்ரவரி 13, வியாழன்

விளக்குப் பார்க்க ஊரே வருகிறது. காய்ச்சலுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. யாரோ அதற்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துடைக்கவும் பயமாக இருக்கிறது, விட்டுவைக்கவும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

பெரிய ஆபீசர் வந்து போனார். அவர் வருகிறார் என்றால் டாக்டர் கனகசபாபதி வந்துவிடுவார். டாக்டர் வந்தால் கம்பவுண்டர் தங்கசாமியும் வந்துவிடுவார். மற்றபடி, ஒன்றாம் தேதி சம்பளத்துக்கு மட்டும்தான் இரண்டு பேருடைய தரிசனமும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்பு, வாசலில் வாழைமரம், மதியம் ஆட்டுக்கறிச் சாப்பாடு. இதற்கெல்லாம் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது. பஞ்சுக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

ஆபீசர் விளக்கைத் தட்டிப் பார்த்து, “வேலை செய்யுதா?” என்றார்.

“கரண்டு வந்தா பிரமாதமா வேலை செய்யும் சார்,” என்றார் டாக்டர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நான் கையுறையைப் பற்றிச் சொன்னேன். “எழுதிக் குடுங்கம்மா,” என்றார் ஆபீசர். எழுதிக் கொடுத்துக் கொடுத்து என் கையெழுத்து அழகானதுதான் மிச்சம். அவர் ஏறிப்போன ஜீப்பிலேயே டாக்டரும் தொற்றிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

அழகுத்தாய் வந்திருந்தாள். எட்டு மாசம். பருத்திக்காட்டிலிருந்து நேரே வருகிறாள், மடியெல்லாம் சத்தையும் சருகும். முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது, வலி கண்ட பிறகு வண்டி கட்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டதாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் தலை இன்னும் மேலேதான் இருக்கிறது. கால் முன்னால் வருகிற பிரசவத்தைப் பயிற்சியின்போது கூட நின்று பார்த்திருக்கிறேன். தனியாகச் செய்ததில்லை. இவளை வைத்துப் பழகிப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

“நர்ஸம்மா, இதுவாச்சும் நெலைக்குமா?”

“நெலைக்கும்டி,” என்றேன். யாரை நம்பிச் சொன்னேன்? மதுரையில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனை நம்பியா?

மார்ச் 26, புதன்

தலை திரும்பவே இல்லை.

இப்போதே போய் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள் என்று அழகுத்தாயிடம் சொன்னேன். அவள் புருஷன் இருளாண்டி உடனே சரி என்றான். அவள்தான் மாட்டேன் என்கிறாள். “அந்த ரோட்டுல இனி எம்புள்ளயத் தூக்கிட்டுப் போகமாட்டேன்,” என்கிறாள். அழுதாள். நானும் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன்.

இதில் வருகிற செவ்வாய் காளியம்மனுக்குக் காப்பு வேறு. காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் பொங்கல் வைக்கிற வரைக்கும் ஊர்க்காரர் எவரும் எல்லை தாண்டி வெளியே போய் ராத்தங்கக் கூடாது. நான் டவுனில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று வளர்ந்த எனக்கு இவ்வளவு கண்டிப்பு புதுசு. நேரே நாட்டாமை பால்ச்சாமியிடம் போனேன். கோவிலுக்குப் பூசாரியும் அவர்தான்.

“அண்ணாச்சி, ஒண்ணு அவள வெளிய அனுப்புங்க. இல்லாட்டி டாக்டர உள்ள வைங்க. ரெண்டும் இல்லன்னா என்னால ஆகாது,” என்று கத்திவிட்டேன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். “அவதான் போகமாட்டேங்குறாளே. டாக்டரு ஒண்ணாந்தேதி வருவாருல்ல?”

“சம்பளம் வாங்க வராம இருப்பாரா?”

“ஒண்ணாந்தேதி செவ்வாக்கிழமதான?”

நானும் நாட்டாமையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

டாக்டர் பத்து மணி பஸ்ஸில் வந்தார். சம்பளம் வாங்கி முடித்ததும் வாசலில் கொட்டுச் சத்தம். நாட்டாமை, பின்னால் ஊர். “டாக்டரய்யாவுக்குத்தான் இந்த வருசம் மொத மரியாத,” என்று கோவிலுக்கு அழைத்துப்போனார்கள். மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டி, சந்தனம் பூசினார்கள். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. “கையை நீட்டுங்கய்யா,” என்றார் நாட்டாமை. நீட்டினார். மஞ்சள் கோத்த கயிறு ஏறிவிட்டது. பெண்கள் குலவை போட்ட போட்டில் புளியமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டது.

நாலு மணி பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். கண்டக்டர் மாரிக்கனி பக்கத்து ஊர்க்காரர். கையைப் பார்த்ததும் படியை மறித்துக்கொண்டார்.

“காப்புக் கட்டுன கையோட எல்லை தாண்டக் கூடாது சார். நாளைக்கு வண்டி கொட சாஞ்சா நானில்ல பதில் சொல்லணும்?”

“யோவ், இது சட்ட விரோதம்யா!”

“ஆமா சார்,” என்று ரெண்டு விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

புழுதிக்குள் நின்றுகொண்டிருந்த டாக்டர் என்னைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: “நர்ஸம்மா, இதை அறுத்தா என்ன ஆகும்?”

“எனக்கென்ன சார் தெரியும்? நான் டவுன்காரி.”

அறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். படித்திருந்தாலும் காளியிடம் பயம் இருக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

செவ்வாய் சாயங்காலம் பஸ் போனதிலிருந்து யாரோடும் பேசவில்லை, ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்கவில்லை என்று கிணற்றடியில் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தார். நேற்றுப் பொழுது போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருத்தர் வந்தார், நாலு பேர் வந்தார்கள், இன்றைக்குச் சுற்றுப்பட்டியெல்லாம் வண்டி கட்டி வந்துவிட்டது. டாக்டர் இருந்தால் கம்பவுண்டரும் இருந்துதானே தீர வேண்டும்! தங்கசாமி வியர்க்க விறுவிறுக்க மருந்து கலக்குகிறார். மதியம் வீட்டுக்கு ஒரு பாத்திரமாகச் சாப்பாடு வருகிறது. கம்பஞ்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் டாக்டருக்குப் பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அழகுத்தாயையும் பார்த்தார். “நீங்க சொன்னது சரிதான், கால்தான் முன்னால வரும். பயப்படாதீங்க, மதுரையில இந்த மாதிரி நெறையப் பாத்திருக்கேன்,” என்றார்.

நல்ல டாக்டர். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இவ்வளவு தெரிந்துகொண்டு இங்கே வராமல் இருந்தாரே! ஆனாலும் சந்தோஷம். இந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது.

ஏப்ரல் 5, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வலி கண்டு அழகுத்தாயைக் கூட்டிவந்தார்கள். வெயில் ஏறும்போது பனிக்குடம் உடைந்தது. “சார், வாங்க,” என்று ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் எழுந்துவிட்டார். பிரசவ அறை வாசலில் நாட்டாமை குறுக்கே நிற்கிறார். முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

“காப்புக் கையோட புள்ளப்பேறு வீட்டுக்குள்ள போகக் கூடாதே நர்ஸம்மா. தீட்டாச்சே!”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அடப்பாவிகளா! அவரை நிறுத்தி வைக்கிற சந்தோஷத்தில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையே. நாட்டாமைக்குத் தோன்றவில்லை, குலவை போட்ட பெண்களுக்குத் தோன்றவில்லை. எதுக்குப் புடிச்சுக் கட்டுனீங்க, இவளுக்காகத்தான? புடிச்சுக் கட்டுறதும் நீங்க, தொடக் கூடாதுங்குறதும் நீங்களா? உள்ள ஒருத்தி உசுரக் கையில புடிச்சுக்கிட்டுக் கெடக்கா, வாசல்ல நின்னு தீட்டு பேசுறீங்களே அண்ணாச்சி! என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. இருளாண்டி சுவரில் சாய்ந்து அழுதான்.

உள்ளேயிருந்து அழகுத்தாய் நாட்டாமையைக் கூப்பிடுகிற குரல்: “சித்தப்பா! எனக்காகக் கட்டுனீக, எனக்காக அவுத்துருங்க! ஆத்தா என்னயக் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்!”

நாட்டாமைக்குக் கண் கலங்கிவிட்டது. கோவில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். டாக்டர் கையிலிருந்த காப்பை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். ஏற்கெனவே ஒன்று கட்டியிருந்தது. “இவருக்கும் சேத்து நானே வெரதம் இருந்துக்கிறேன் தாயி,” என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன். பகல் பஸ். மாரிக்கனி தலையை நீட்டி, “டாக்டர் சார், காப்பு எறங்கிருச்சு போலயே! ஏறுங்க, முன் சீட்டு காலியா இருக்கு!” என்கிறார்.

டாக்டர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தார். மதுரை, பெண்டாட்டி, நல்ல தண்ணீர் எல்லாம் அந்தப் படியில் ஏறினால் கிடைக்கும். பிடித்து நிறுத்த எங்களிடம் இனி ஒன்றும் இல்லை.

“நீ போய்யா,” என்றார் மாரிக்கனியிடம். என் பக்கம் திரும்பி, “தண்ணி கொதிச்சிருச்சா? கையுறை எங்க?”

“கையுறை கேட்டதுக்குத்தான் சார் அந்த வெளக்கு வந்துச்சு.”

முறைத்தார். முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சோப்பு நுரைக்கவில்லை என்று இன்றைக்குத் திட்டவில்லை.

முதலில் கால் வந்தது. “முக்காத... இப்ப முக்கு... போதும்,” என்று அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவள் கேட்டாள். நான் வயிற்றை அழுத்திப் பிடித்தேன். தோள் வந்தது. தலை வர நேரமானது. அந்த நேரத்தை எழுத முடியாது. வந்தது. அழவில்லை. டாக்டர் சளியை உறிஞ்சி எடுத்தார், முதுகைத் தேய்த்தார், ஊதினார். அப்புறம் ஒரு சின்னச் சிணுங்கல். அப்புறம் ஆஸ்பத்திரி அதிர அழுகை!

என்ன பிள்ளை என்றுகூட அழகுத்தாய் கேட்கவில்லை. “உசுரு இருக்கா?” என்றாள்.

“காது கேக்கலையாடி ஒனக்கு? பொம்பளப் புள்ள, என்னமாக் கத்துது பாரு!” என்றேன். எனக்கும் அழுகை, அவளுக்கும் அழுகை. சந்தனம்மாள் அங்கேயே குலவை போட்டாள். வெளியே ஊர் சேர்ந்து போட்டது. டாக்டர் மூலையில் போய் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாப்பா பால் குடித்தாள். நானும் ரெண்டு தடவை சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

நேற்றுப் பொங்கல் முடிந்தது. காப்பு இல்லாவிட்டாலும் அது வரைக்கும் டாக்டர் இருந்தார். காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வரவில்லை. வந்த வண்டியெல்லாம் திரும்பிப் போகிறது. தங்கசாமியும் இல்லை. நாங்கள்தான் கூத்தாடிவிட்டோம், அவருக்கென்ன வந்தது? “இன்னொரு சாமிக்குக் கொட வச்சுக் காப்புக் கட்டுவமா நர்ஸம்மா?” என்று நாட்டாமை கேட்டார். சிரிக்கத் தோன்றவில்லை.

மே 1, வியாழன்

சம்பளத்துக்கு வந்தார். வாங்கினார். டாக்டர் குவாட்டர்ஸ் சாவியைக் கேட்டார். அந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. கல்லைக் கொண்டு பூட்டை உடைத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

மே 5, திங்கள்

பத்து மணி பஸ் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நின்றது. டாக்டர் இறங்கினார். பின்னால் அவர் வீட்டம்மா, தலையில் முக்காட்டோடு, வெயிலைச் சபித்துக்கொண்டே. மேலேயிருந்து மாரிக்கனி ஒரு டிரங்குப் பெட்டியையும் பாயையும் இறக்கினார். அப்புறம், “பாத்துலே, பாத்து!” என்று கத்திக்கொண்டே ஓர் அம்மியை இறக்கினார். இருளாண்டி ஓடிப்போய்த் தோளில் வாங்கிக்கொண்டான். ஒரு நாள் தங்கிப் போகிறவர்கள் யாராவது அம்மியைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?

டாக்டர் நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையில் முதல் ஆள் அழகுத்தாய். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, சும்மா காட்ட வந்திருக்கிறாள். சனிக்கிழமை மதியம் போய்விட்டுத் திங்கள் காலையில் வருவாராம், சொல்லிவிட்டார். போகட்டும், அவரும் மனுஷன்தானே. கையுறை ரெண்டு ஜோடி அவரே மதுரையில் வாங்கி வந்திருக்கிறார்.

வீட்டம்மா குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “லேசுல வேகாதும்மா,” என்றேன்.

“அப்ப தொவையல்தான்,” என்று அம்மியை எங்கே போடலாம் எனப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.