விஜயகுமாரிக்குக் கோல் தட்ட எனக்கு ஒரு கரை வேண்டி

அனுப்புநர்
ம. செல்லாத்தாள் (46),
க/பெ மருதாசலம்,
ராயபுரம், திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
பார்வையற்ற பெண்கள் நீச்சல் போட்டிக் குழு,
திருப்பூர்.

பொருள்: சென்னைப் போட்டியில் குளத்துக் கரையில் நின்று கோல் தட்ட அனுமதி கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கமுங்க. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மூன்றாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.

1. என் அண்ணன் மகள் விஜயகுமாரிக்குப் பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. மல்லாக்க நீந்தும் போட்டிக்கு அவள் தேர்வாகியிருப்பது தாங்கள் அறிந்ததே. சுவரில் மண்டை மோதாமல் இருக்க, கரையில் ஒருவர் நின்று, சுவர் நெருங்கியதும் கோலால் அவள் தலையில் மெல்லத் தட்ட வேண்டும். ஊத்துக்குளித் தோட்டத்துக் கிணற்றில் அவள் நீந்தப் பழகிய காலம் தொட்டுத் தட்டியது நான். ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டியில் கொக்கியைக் கழற்றிவிட்டு, நுனியில் வேஸ்ட் பனியன் துணி சுற்றிய கோல். இதுவரை அவள் தலையில் ஒரு வீக்கம் கிடையாது.

2. புதிதாக வந்த கோச் தம்பி என்னை நிறுத்திவிட்டு, காலேஜ் படித்த பிரிசில்லாவை நிற்க வைத்துவிட்டார். நான் வாய் ஓயாமல் பேசுகிறேனாம். தட்டுகிறவர் பேசக் கூடாதாம். மல்லாக்க நீந்துகிறவள் காது தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது? என் பேச்சு கேட்டது முழுக்கக் கோச் தம்பிக்குத்தான். அதில் அவரைப் பற்றியும் கொஞ்சம் இருந்தது, மன்னிக்கவும்.

3. பிரிசில்லா நல்ல பெண். அதுதான் எனக்குச் சங்கடம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவள் கோலில் கடையில் வாங்கிய பஞ்சுப் பந்து இருக்கிறது. "பிரிசில்லாக்கா தட்டுனா பூ வுழுந்தாப்பல இருக்குதுங்கத்தை" என்கிறாள் விஜயகுமாரி. "அப்ப நான் தட்டுனா தேங்கா வுழுந்தாப்பலயா கண்ணு?" என்றேன். சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் இப்போது அவர்கள் இருவரும் ஒரே சீட்டு. நான் பின்னால், ஈர டவலோடு. பொறாமையா என்று கேட்டால், ஆமாங்க.

4. குளத்துக்கு இரண்டு கரை. ஒரு கரையில் பிரிசில்லா, மறு கரையில் கோச் தம்பி நிற்கிறார். அவர் உட்கார்ந்து நேரம் பார்க்கட்டும். திரும்பும் கரையைப் பிரிசில்லாவுக்கே கொடுத்துவிடுங்கள், பூ விழட்டும். முடிக்கும் கரையை மட்டும் எனக்கு வாங்கித் தரும்படி பணிந்து கேட்கிறேன். நீந்தி முடியும் வரை வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்கிறேன். குளத்தில் துப்ப மாட்டேன்.

அவள் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கும்போது காதிலிருந்து தண்ணீர் வடியும். அப்போது முதலில் கேட்கிற குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் அய்யா. அதற்கப்புறம் பிரிசில்லா அம்மணி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

இடம்: திருப்பூர்
நாள்: 12.11.2007

இப்படிக்கு, கோலைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கும்,
ம. செல்லாத்தாள்