ரோம சீல் கூப்பிடும் சத்தம்

சங்கரன்கோவில் வெயிலில் உல்லன் குல்லாவைக் காயப்போடுகிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நம் மகள் கோமதி நேற்றுச் சென்னைக்குப் பஸ் ஏறியதும் உங்கள் பெட்டியைத் திறந்தேன். குல்லாவில் இன்னும் கப்பல் டீசல் வாசனை. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா இந்தக் கம்பளி?" என்றாள். எங்க வீட்டுக்காரருக்கு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனது அவளுக்கும் தெரியும்.

ஆராய்ச்சிக் கப்பலில் சமையல்காரராகத் தென்கடல் பனித்தீவுகளுக்குப் போன முதல் தடவை, துறைமுகத்திலிருந்து போன் செய்தீர்கள். கரையெல்லாம் ரோம சீல் என்கிற கடல் மிருகம், நாய் உயரத்துக்கு எழுந்து துரத்துகிறது, கடிக்கவும் செய்யும் என்றீர்கள். எனக்குப் பதறிவிட்டது. விஷக்கடிக்கு அம்மனுக்குத் தகட்டு உரு போடுவதுதானே நம் ஊர் வழக்கம். கோயில் வாசலில் சீல் உரு கேட்டேன். "பாம்பு இருக்கு, தேள் இருக்கு தாயி. நீ கேக்கது எந்த ஊரு ஜந்து?" என்றார் கடை அண்ணாச்சி. தேளையே வாங்கி, இதைச் சீலாக நினைத்துக்கொள் தாயே என்று உண்டியலில் போட்டேன். அதைக் கேட்டுவிட்டு நீங்கள், "ஏட்டி, இங்கன தேளு ஒண்ணுகூட கடிக்கல" என்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஊருக்கு வந்ததும் கோமதியை மடியில் வைத்துச் சொன்னீர்கள். "அம்மை சீல் இரை தேடிப் போயி நாலஞ்சு நாள் கழிச்சு வருவா. கரையில ஆயிரம் குட்டி கெடக்கும். ஒரு சத்தம் குடுப்பா. அவ குட்டி மட்டும் பதில் குடுக்கும்." ஆட்டுக்கும் எருமைக்கும் நடுவில் ஒரு சத்தத்தைக் கத்தியும் காட்டினீர்கள். அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை கைநழுவிப் போனபோது அதையே கத்தினீர்கள். ரத வீதியே திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஏழு வயசுக்காரி குட்டிச் சீலாகக் கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

ரோம சீலின் அழிந்துபோன சொந்தங்களைப் பற்றியும் சொன்னீர்கள். கப்பலில் இருந்த விஞ்ஞானி படம் காட்டினாராம். பல்லும் தாடையும் பாறைக்குள் கல்லாகக் கிடைத்ததாம். "அதுக எப்படிக் கத்துச்சுன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாதாம்ட்டி. எலும்பு கெடக்கு, சத்தம் போச்சு."

அந்த வார்த்தை இந்த ஆடியில் என்னை வந்து தைத்தது. கோமதி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்பா சத்தம் மறந்துக்கிட்டே வருதும்மா" என்றாள். வீடு முழுக்க உங்கள் போட்டோ இருக்கிறது. குரல் ஒரு போனிலும் இல்லை. பேசுகிறவரைப் பதிவு செய்ய யாருக்குத் தோன்றும்? எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

தபசன்று கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. அவள் போன் என் பையில். என்ன நினைத்தேனோ, கத்திவிட்டேன். உங்கள் சத்தம்தான், கொஞ்சம் கீச்சென்று. தூரத்தில் ஒரு குட்டி பதில் கொடுத்தது. இருபத்தைந்து வயசுக்காரி ஆட்களை இடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பா மாதிரியே இருந்துச்சு. இன்னொரு தடவ கூப்பிடும்மா."

பக்கத்திலேயே நிற்கிறவளை, அத்தனை பேர் நடுவில், திரும்பவும் கூப்பிட்டேன்.