கொக்கியைப் பார்த்தவனுக்கு

என் ஆறுமுகத்துக்கு,

நீ செத்த பிறகும் உன்மேல் கோபம் போகவில்லையடா. செத்தவனைத் திட்டக் கூடாதாம். உன்னைத் திட்டாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்லி அழ? ஒரே கிண்ணத்தில் மீன்சாற்று மொகிங்கா தின்ற சிநேகிதன் நீ.

போட்டாதாங் படகுத்துறையில் நாம் மூட்டை தூக்கிய காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூட்டை தூக்காத நேரத்தில், மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி தோளில் தொங்க வேண்டும். அதன் முனை நம் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். வெறுங்கொக்கியைக் கையில் எடுத்து ஒருவன் பக்கம் முனையைத் திருப்பினால் குத்தப்போகிறான் என்று அர்த்தம். அதில் விளையாட்டே கிடையாது.

அன்று வெங்காயப் படகை யார் முதலில் இறக்குவது என்று உன் மச்சான் சேகர் என்னிடம் வம்புக்கு வந்தான். நான் குனிந்து ஏறுபலகையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "வேலு, கொக்கிடா!" என்று கத்தியது யார்? நீதானே? நிமிர்ந்தால், முனை என் கழுத்துக்கு நேரே வருகிறது. பின்னால் ஆறு, ஓட இடமில்லை. கைக்குக் கிடைத்த கட்டையால் அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டேன். எலும்பு முறிந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் உனக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

மேஸ்திரி எல்லார் முன்னாலும் உன்னைத்தான் கேட்டார். "ஆறுமுகம், சேகர் கொக்கிய ஓங்குனானாமே? நீ பாத்தியா?"

நீ தரையைப் பார்த்தாய். "நான் பாக்கலைங்க மேஸ்திரி. வேலுதான் முதல்ல அடிச்சான்."

முதலில் அடித்தவன் நான்தான், அதை நான் மறுத்தேனா? ஏன் அடித்தேன் என்பதைத்தானே நீ விழுங்கிவிட்டாய்! பொண்டாட்டியின் அண்ணன் என்றால் சிநேகிதன் கழுத்து அவ்வளவு மலிவா?

கைநீட்டுகிறவன் என்று பேர் வந்துவிட்டது. எந்தத் துறையிலும் என்னைச் சேர்க்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் சைக்கா ரிக்‌ஷா மிதிக்கப் போனேன். வேலை முடிந்து நீ படகைவிட்டு இறங்கி, என் வண்டியைத் தாண்டிப் போய் வேறொருவன் வண்டியில் ஏறுவாய். ஒரு நாளாவது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையா உனக்கு?

உன் கருமாதிக்கு வந்தேன். உள்ளே நுழைய மனசு வரவில்லை, வாசலோடு நின்றேன். பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவர வேண்டிய சேகர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். "வீட்டக் காலி பண்ணு, நான் வித்துக்கிறேன்" என்றான். உன் பொண்டாட்டி மல்லிகா முடியாது என்றாள். படையலுக்குத் தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தியை எடுத்து அவள்மேல் ஓங்கினான். அவள் சாம்பார்க் கரண்டியாலேயே அவன் வாயில் ஒன்று வைத்தாள். பல் தெறித்தது, கத்தியும் விழுந்தது. சபாஷ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அவன் வார்டுப் பெரியவர்களிடம், தங்கச்சி முதலில் அடித்தாள் என்று புகார் கொடுத்திருக்கிறான். உள்ளே இருந்த உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், கத்தியைப் பார்க்கவில்லை என்கிறார்கள். உன் சொந்தக்காரர்கள்தானே!

நேற்று மல்லிகா என் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்தாள். "அண்ணே, நீங்க வாசல்ல நின்னீங்க. கத்திய ஓங்குனத பாத்தீங்கல்ல?"

நான் பார்க்கவில்லையம்மா. அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு லேசாக வருகிறது தெரியுமா அது?

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவரு உங்களுக்குச் செஞ்சது எனக்குத் தெரியும்ணே. கொக்கிய பாத்தேன்னு எங்கிட்டச் சொன்னாரு. நீங்க வராட்டியும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

அடப்பாவி! வீட்டுக்குள் சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்தை மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால் என் பிழைப்பு போயிருக்குமா? அவளை வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டேன்.

ராத்திரி உன்னை நினைத்துத் திட்டித் தீர்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நாளைக்கு அந்தப் பெரியவர்கள் முன்னால் போய் நிற்பேன். ஆமாம், மல்லிகாதான் முதலில் அடித்தாள், அவன் கத்தியை ஓங்கினான், அதனால் அடித்தாள், நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வேன். இதை உனக்காகச் செய்யவில்லை. உன்னை நான் மன்னிக்கவும் இல்லை. உன்னைப் போல ஆகிவிட எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மல்லிகாவின் அண்ணன்,
வேலு