உன் குடைப்பூ டீ

காலையில் கெஸ்ட் ரூம் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. தரையில் இவருடைய பழைய வேட்டியை விரித்து, நேற்றுப் பறித்த குடைப்பூவைப் பரப்பி வைத்திருக்கிறேன். மூலையில் டேபிள் ஃபேன் மெல்லச் சுற்றுகிறது. ஆமாமடி, நீ போன பிறகு வந்த இந்த ஜூனிலும் பறித்துவிட்டேன். இன்னுமா அந்தக் களையைப் பறிக்கிறாய் என்று போனில் கேட்ட நம் கோயில் கூட்டத்து ஆன்ட்டியிடம், போன வருஷத்தைவிட அதிகமாகவே பறித்தேன் என்றேன். டக்கென்று போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

லைப்ரரி புத்தகத்தில் அதன் பெயர் எல்டர்ஃப்ளவர்; காய வைத்து டீ போடலாம் என்றும் போட்டிருந்தது. கொத்துக் கொத்தாக, வெள்ளைக் குடை விரித்த மாதிரி பூப்பதால் குடைப்பூ என்று பெயர் வைத்தவள் நீ. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நம் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் தேங்கும் குட்டையோரம் அது புதராக மண்டிக் கிடந்தது. நம் இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர்களை ஒட்டி வந்த டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்க உன்னால் முடியாது, என்னையும் விடமாட்டாய்.

முதல் வருஷம் நாம் செய்த கூத்து நினைவிருக்கிறதா? வடாம் காய வைத்துப் பழகிய கைகள் அல்லவா, வெயில் என்றால்தான் நமக்கு நிம்மதி. உன் வீட்டுக் காரின் பின் கண்ணாடி ஓரம் பூவைப் பரப்பி, கதவுகளைச் சாத்திவிட்டு வந்தோம். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் கறுத்து, பூனை மூத்திர நாற்றம். மறுநாள் அந்தக் காரில்தான் உன் வீட்டுக்காரர் தன் மேனேஜரை லஞ்சுக்கு அழைத்துப் போனார். இரண்டு நாள் கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டினார். நீயோ புத்தகத்தை மறுபடி புரட்டிவிட்டு, "நெழல்லதான் காய வெக்கோணுமாட்ட இருக்குதுடி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய்.

காம்பும் இலையும் உடம்புக்கு ஆகாது என்று அதே புத்தகம் சொன்னது. முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரு காம்பு விடாமல் கிள்ளி எடுப்பாய். எனக்குப் பொறுமை போய்விடும், உனக்குப் போனதே இல்லை. அத்தனை கவனமாக இருந்தவளைத்தான் பின்னால் அப்படிப் பேசினார்கள்.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங் லாட்டில் ஓர் அங்கிள் நம்மை நிறுத்திப் பாடம் எடுத்தாரே. ரோட்டோரம் செடி பொறுக்கி நம் ஆட்களின் மானத்தை வாங்குகிறோமாம். கிரீன் கார்டு வரும் நேரத்தில் போலீஸ் வந்தால் என்ன ஆகுமாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ அவர் முகத்தை நேராகப் பார்த்து, "பூப் பறிச்சா மானம் போயிருமுங்களா, அங்கிள்? வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க" என்றாய். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. 

இரண்டாயிரம் பிறக்குமுன் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யும் ஒய்டூகே வேலை என்று ஆண்களெல்லாம் ஆபீசிலேயே கிடந்த வருஷம் உனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. டீக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நானும் அந்த அறையில் இருந்தேன். சிகிச்சை முடியும்வரை மட்டும் எந்த மூலிகையும் வேண்டாம் என்றார், நீ அன்றே நிறுத்தினாய். காய்ந்த பூ இருந்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடுவதோடு சரி. ஊர் வாய்க்கு அது போதாதா? டாக்டரே நிறுத்தச் சொன்னாராம், அப்படியென்றால் அதுதான் காரணமாம்.

உன் வருஷத் திதியன்று, உன் வீட்டுச் சமையலறையிலேயே, வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, போனை வைத்த அந்த ஆன்ட்டிதான் சொன்னார்: "கண்ட களைச்செடியக் குடிச்சுக் குடிச்சு அவளே தேடிக்கிட்டா." மாடிப்படியில் உன் மகள் நின்றிருந்தாள். பதில் இங்கிலீஷில் வந்தாலும் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும் என்பது இவர்களுக்கு உறைப்பதே இல்லை.

அவள் என்னை லாண்டரி ரூமுக்குள் இழுத்துப் போனாள். ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் உனக்கு அந்த டீயைப் போட்டுத் தந்தவள் அவள்தானே? அதைத்தான் இங்கிலீஷில், மெல்லக் கேட்டாள். தினமும் நான்தானே போட்டுக் கொடுத்தேன், அப்படியென்றால் காரணம் நானா?

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். இல்லவே இல்லை என்றேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. நேரே சமையலறைக்குப் போய், நீ காய வைத்த கடைசிப் பாட்டிலை எடுத்து, பெரிய பாத்திரத்தில் டீ போட்டேன். 

"இது அவ குடிச்ச அதே டீ. யாருக்கு ஊத்தட்டும்?" என்றேன்.

ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை. நான் குடித்தேன். உன் வீட்டுக்காரர் உள்ளே வந்து, ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த உன் மகள், என் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். ரொம்ப ஸ்ட்ராங், அம்மாவுக்கு இப்படிப் பிடிக்காது என்று சொல்லி, நான் போட்டதை சிங்க்கில் கொட்டிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் வைத்தாள்.

அந்த ஆன்ட்டி இன்னும் மாறவில்லை, நானும் மாறப்போவதில்லை. சனிக்கிழமை அவரையும் சேர்த்து எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். காபி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. உன் மகளும் வருகிறாள். என்ன டீ இது என்று யாராவது கேட்கட்டும், பதில் தயாராக இருக்கிறது. இது அவள் குடித்த டீ. அவள் மகள் போட்டது.