மழைக்கு இறுகும் கதவு

கார்த்திகை 10, திங்கள்

விடியவே மழை. சீனி 162. டொக்டர் எழுதச் சொன்னது சீனியை மட்டும்தான். கொப்பியில் மிச்ச இடம் நிறைய.

வீட்டு வாசல் கதவின் திறாங்குத் தாழ்ப்பாள் வழக்கம்போல் மழைக்கு இறுகிவிட்டது. தூக்கி இழுத்துத்தான் வெளியே வந்தேன்.

ஓட்டோவுக்கு நாலு நாள் ஓட்டம். மோரக் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயது இருக்கும். ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு தீவு. அவவின் பூட்டனுடைய தம்பி வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே றோட்டுப் போட்ட ஓவசியராம். அவர் திரிந்த இடம் பார்க்க வேண்டுமாம். என் இங்கிலீஷ் பெற்றோல் செட்டோடு நின்றுவிடும். மகள் தர்சினிக்குக் கம்பஸ் லீவு, மொழிபெயர்க்கக் கூட வந்தாள்.

நான் அவவுக்கு வைத்த பெயர் மகாராணியின் பேத்தி. தர்சினி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் ஹனீபா நானாவின் தையல் கடையில் தேத்தண்ணீர். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து கடையும் வீடுமாகக் கட்டினார், அரைவாசியில் நிற்கிறது. வாசலில் கதவுக்குப் பதில் சாக்கு. பத்து வருடமாக நான் கேட்பது: "நானா, மாளிகைக்குக் கதவு எப்ப?" இன்றைக்கு அவர் சொன்னது: "கதவைப் போட்டால் உன்னை எப்பிடி உள்ளை விடுறது, தம்பி?"

கார்த்திகை 11, செவ்வாய்

விட்டு விட்டு மழை. சீனி 158. கரவெட்டி, உடுப்பிட்டி. பின் ரயர் காற்று இறக்கம்.

ஒரு பழைய மதகைக் கண்டு மோரக் இறங்கினா. கல்லில் கை வைத்தபடி நின்றா. உங்கள் ஆட்கள் கட்டியதுதானே, கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கோ என்றேன். என்ன சொல்கிறார் என்று அவ கேட்க, தர்சினி சொல்லிவிட்டாள். அவ சிரிக்கவில்லை. மதகிலேயே இருந்து கதைத்தா. எனக்கு விளங்கியது:

- இங்கிலீஷ் அவர்களின் சொந்த மொழி இல்லை. கேலிக் என்று வேறு ஒன்று. அதைக் கதைத்ததற்கு அவவின் பெரியப்பா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்.
- காணி எல்லாம் பிரபுவுக்கு. ஆளை விட ஆடு லாபம் என்று ஊர் ஊராகச் சனத்தைக் கலைத்துவிட்டான்.
- திரும்பி வராமல் இருக்கக் கூரையைக் கொளுத்தினார்கள். அங்கே மரம் கிடைப்பது அரிது. அதனால் முடிந்தவர்கள் கூரை மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள்.

எனக்குச் சந்தோசம், புளுகம். நீங்கள் எங்கடை ஆக்கள் என்றேன். தொண்ணூற்றைந்தில் இணுவில் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னேன். திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை, கதவு மட்டும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பிக்கும் கதை. அந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்றா. நாளைக்குச் சாப்பிட வரச் சொன்னேன்.

கார்த்திகை 12, புதன்

மப்பு வானம். சீனி 170, நேற்றைய வடை. மனிசி சமைத்தது: சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், றால். மோரக்குக்கு உறைப்பில் மூக்கு சிவந்தது. இப்போதுதான் சரியான வெள்ளைக்காரி என்றேன்.

பிறகு கதவு. நிலையின் நெற்றியில் மனிசி வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் வைக்கும் இடத்தை அவ விரலால் தடவினா. பெயின்றுக்குக் கீழே ஏதோ அடைத்திருக்கிறதே, யார் செய்த கதவு என்று கேட்டா. "எங்கடை அப்பா செய்விச்சது" என்றேன். தர்சினி தன் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடுகளைக் காட்டினாள்.

மோரக் பையிலிருந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்தா. அந்த ஓவசியர் தாய்க்கு எழுதியது, அவர்கள் மொழியில். றோட்டு வரும் வழியில் சில வீடுகள் இருந்தன, இடிப்பித்தேன், சனம் சாமான்களோடு ஓரத்தில் நின்றது, மழை எங்கள் ஊர் மழை போல. அவ்வளவுதான். அடுத்த வரியில் ஆட்டுக்குட்டிகளைச் சுகம் கேட்கிறார். எந்த ஊர் என்றுகூட எழுதவில்லை. அவருடைய தாய் தகப்பன், கூரை எரிந்து வெளியே வந்தவர்கள்.

இவர் மட்டும் இல்லையாம். கனடாவுக்குப் போனவர்கள் வேறு சனத்தைக் கலைத்த காணியில் குடியிருந்தார்கள். இந்தியாவுக்குப் பட்டாளமாகப் போனவர்கள் எத்தனையோ பேர். மோரக் சொன்னதைத் தர்சினி மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "எங்கடை வீடு எரிஞ்சதுக்குப் பாட்டு எத்தினையோ இருக்கு. நாங்கள் மற்றவையின்ரை வீட்டை இடிச்சதுக்கு ஒண்டும் இல்லை."

வாயில் ஒரு பகிடி இருந்தது. அதை விழுங்கிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

கார்த்திகை 13, வியாழன்

வெயில். சீனி பார்க்கவில்லை. மோரக்கைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றியாயிற்று. கை குலுக்கினா.

ஒருவருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. முஸ்லிம் சனத்தை இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று நான் சந்தியில் நின்றேன். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லாரும் அந்த வீடுகளைக் கழற்றினார்கள், நானும் அப்பாவும் போனோம். லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றி வந்தது ஒரு கதவு, நிலையோடு. நெற்றியில் பிறை செதுக்கியிருந்தது. நானே அதை மக்குப் பசை வைத்து அடைத்தேன். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிலை வைத்தோம். வீட்டுக்காரர் பெயரை நான் விசாரிக்கவில்லை.

பின்னேரம் தர்சினிக்குச் சொன்னேன். பென்சில் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அந்த மனுசனிட்டையே அப்பா, கதவு எப்ப எண்டு கேக்கிறனீங்கள்."

கார்த்திகை 14, வெள்ளி

மழை. மனிசி சந்தனத்தோடு வந்தா, மறித்தேன். காரணம் கேட்டா, சொன்னேன். சந்தனத்தைக் கிணற்றடியில் கழுவினா.

தொழுகை முடிந்து நானா கடை திறக்குமட்டும் ஓட்டோவுக்குள் இருந்தேன். சொன்னேன். மெசின் நின்றது. எந்த வீடு என்று மட்டும் கேட்டார். பள்ளிவாசலுக்கு மேற்கே, முன்னுக்குக் கிணறு உள்ள வீடு.

"அது எங்கடை ராத்தாவின்ரை."

அன்றைக்குப் போன அக்கா இன்னும் புத்தளத்தில். அங்கேயே போன் எடுத்தார், சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். கதவு கிடைத்திருக்கிறது என்றார், யாரிடம் என்று சொல்லவில்லை. ராத்தா சொன்னா:

"மழைக்குத் திறாங்கு இறுகும். தூக்கி இழுக்கச் சொல்லு."

நானா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

போனை வைத்துவிட்டு, ராத்தா வருமட்டும் தன் வாசலில் போடுகிறேன், நாளைக்கே கொண்டு வா என்றார். எழும்பிப் போய்ச் சாக்கைக் கழற்றி, தைக்கக் கொடுத்த சட்டையைப் போல ஒழுங்காக மடித்தார்.

"இது எனக்கு மிச்சம். உன்ரை வாசலுக்குத் தேவைப்படும், கொண்டு போ."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கார்த்திகை 15, சனி

மழை. சீனி 181. கதவு போய்விட்டது. மக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஏற்றினேன். தர்சினி கோடுகளைச் சுவரில் திரும்பப் போடவில்லை. சாக்கு நனைந்து நாறுகிறது.

ஓட்டோ ஸ்ராண்டில் நிற்பவன் ஒருவன் என் வீட்டைத் தாண்டிப் போகும்போது தன் ஓட்டோவை நிற்பாட்டி என்னைப் பார்த்துக் கத்தினான்: "செல்வண்ணை, மாளிகைக்குக் கதவு எப்ப?"

இதே கேள்விக்கு நானாவிடம் ஒவ்வொரு நாளும் ஒரு பதில் இருந்தது.