கோபுரத்தைப் பார்த்து நடந்தவளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. தணிகை முருகன் தயவில் நானும் உன் நைனாவும் கறவை மாடுகள் இரண்டும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், பாதிப் பேச்சிலேயே உன் நைனா பிடுங்கிக்கொள்கிறார், அதனால் எதிர்வீட்டு நவீன்குமார் ஜெர்மனிக்குத் திரும்பும்போது மாங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். வேலையை விட்டால் அறைதான், தெருவில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று போன மாதம் அழுதவள், அன்றைக்குப் போனில் சார்ஜ் போய் நடுத்தெருவில் நின்றபோது அழாமல் அண்ணாந்து பார்த்தாயாமே. பார்க்காமல் என்ன, திருத்தணியில் பிறந்த பிள்ளை. இங்கே கிருத்திகைக் கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தைகூட மலை எந்தப் பக்கம் என்று பார்த்து வீடு வந்து சேரும். உன் அறைக்குப் பக்கத்தில் சர்ச் கோபுரம் இருக்கிறதே என்று கோபுரத்தைப் பார்த்து நடந்தாய், சரி. அந்த ஊரில் கோபுரம் ஒன்றுதான் என்று யாரடி உனக்குச் சொன்னது? நமக்கு இருப்பது ஒரே மலை என்பதால் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாய். ஆற்றைத் தாண்டி வேறொரு சர்ச் வாசலில் போய் நின்றாய் என்றதும் உன் நைனா சிரித்த சிரிப்பில் டீயெல்லாம் சட்டையில். ஆனால் நாயோடு வந்த ஒரு அம்மாவிடம் தெரிந்த நாலு வார்த்தையை வைத்து வழி கேட்டு, அவர்கள் பாலம் வரை கூட வந்து கைகாட்ட, மிச்சத்தைத் தனியாக நடந்து வீடு சேர்ந்தாயே, வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும். மறுநாள் வேண்டுமென்றே அதே வழியில் நடந்தாயாமே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். சைக்கிளுக்கென்று விட்டிருக்கும் பாதையில் மட்டும் நடக்காதே, பின்னால் மணி அடித்தால் இங்கே மாதிரி நின்று திரும்பிப் பார்க்காமல் ஒதுங்கு.

நீ பயமில்லாமல் நடக்க ஆரம்பித்தால் மலைக்குப் படியேறியே வருவதாக வேண்டியிருந்தேன், செவ்வாய்க்கிழமை ஏறிவிட்டேன். டீக்கடைக்கே வண்டியில் போகிற உன் நைனாவும் வந்தார், மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்தார், இறங்கும்போது பஸ் ஏறிவிட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ அழுத அன்று, அங்கேயே இரு, பழகிவிடும் என்று நான் கறாராகச் சொன்னேன் அல்லவா, உன் நைனாவுக்கு என்மேல் ஒரே கோபம். மறுநாளே இங்கே வீட்டில் உன் அறையில் கிடந்த வேர்க்கடலை மூட்டைகளை வெளியே இழுத்துப்போட்டு, கழுவிவிட்டு, கட்டில் போட்டுவிட்டார். மூட்டையை எலி கடிக்கிறது, உள்ளே வைக்கலாம் என்றால், "எம்பொண்ணு அங்க அழுதுகினு இருக்குது, வந்தா எங்க படுக்கும்?" என்று சண்டைக்கு வந்தார். மலையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நான் ஒன்றும் சொல்லாமலே மூட்டைகளை எல்லாம் அவரே தூக்கி உன் அறையில் அடுக்கினார். கடைசி மூட்டையை வைத்துவிட்டு, "இனிமே அது தங்க வராதும்மா, பாத்துட்டுப் போகத்தான் வரும்" என்று சிரித்தார். பிறகு தூசி என்று சொல்லித் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

எந்தத் தெருவில் நடந்தாலும் முருகன் உன் முன்னால் நடக்கட்டும், தீர்க்காயுசாக இரு. வெளியே கிளம்புமுன் போனுக்குச் சார்ஜ் போடு. ஆடிக் கிருத்திகைக்கு லீவு கேட்டுப் பார். உன் அறையில் இடமில்லை, கூடத்தில் எங்கள் நடுவில் படுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு உன் அம்மா,
மணியம்மை பூபாலன்